முயலுக்குத் தொட்டிலில் இடமில்லை, ஒரு வயது வரை

இரவு இரண்டே முக்கால் இருக்கும். பால் குடிக்கும் நேரம் தாண்டியும் மகள் எழவில்லையே என்று நானாகத்தான் எழுந்து தொட்டிலை எட்டிப் பார்த்தேன். அவளுக்கு அப்போது ஐந்து மாதம் முடிந்து சில நாட்கள். மல்லாந்துதான் படுத்திருந்தாள். முகம் மட்டும் தெரியவில்லை. நான் என் கையால் தைத்த முயல்துணி அவள் மூக்கையும் வாயையும் மூடிக் கிடந்தது. துணியின் ஒரு முனை இன்னும் அவள் பிடிக்குள் இருந்தது.

இழுத்து எடுத்தேன். முகத்தைச் சுளித்தாள், ஒரு முறை ஆழமாக மூச்சு இழுத்தாள், பிறகு தூங்கிப்போனாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கையிலிருந்த துணி வெதுவெதுப்பாக, நசநசவென்று ஈரமாக இருந்தது. அந்த ஈரம் எவ்வளவு நேரத்து மூச்சு என்று யோசிக்க யோசிக்க எனக்குக் கால் நடுங்கியது. அன்று விடியும்வரை தொட்டில் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நான் தையல் வேலை செய்கிறவள். பதினோரு வருடமாகக் குழந்தைகளுக்கான துணிகள்தான் அதிகம் தைக்கிறேன். இந்த முயல் போல நிறைய செய்து கொடுத்திருக்கிறேன்: நடுவில் சின்னதாய் ஒரு தலை, அதிலிருந்து கைக்குட்டை மாதிரி விரியும் ஒரு சதுரத் துணி. கம்ஃபர்ட்டர் என்று கேட்டு வாங்குவார்கள். குளிருக்குப் போர்த்தும் தடித்த பஞ்சுப் போர்வைக்கும் அதே பெயர் இருக்கிறது. வாயில் வைத்துச் சப்பும் பாசிஃபையரையும் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் பேச்சில் எல்லாம் கலந்துவிடுகிறது, ஆனால் தொட்டிலுக்குள் இந்த மூன்றுக்கும் விதி வேறு வேறு. தடித்த போர்வை முதல் ஒரு வருடம் கூடவே கூடாது. பாசிஃபையர் தூங்கும் நேரத்தில் கொடுக்கலாம். தாய்ப்பால் நன்றாகப் பழகிய பிறகு கொடுப்பது, தூக்கத்தில் குழந்தை திடீரென்று இறந்துபோகும் தொட்டில் மரணத்தின் அபாயத்தைக் குறைக்கிறது என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. அதில் கயிறோ, கிளிப்போ, தொங்கும் பொம்மையோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தூங்கிய பின் வாயிலிருந்து விழுந்தால் திரும்பத் திணிக்கவும் வேண்டாம். இந்தப் பதிவு மூன்றாவதைப் பற்றி, என் முயலைப் பற்றி.

அந்த இரவுக்கு முன் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. துணி மெல்லியது, மஸ்லின், காற்றுப் புகும். இதை வாங்க வந்தவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். மறுநாள் அதே துணியை எடுத்து என் முகத்தில் வைத்துப் பார்த்தேன். ஒற்றையாக, காய்ந்திருக்கும்போது மூச்சு விட முடிகிறது. நான்காக மடித்து, எச்சில்பட்ட அளவுக்கு நனைத்து வைத்தேன். பத்து நொடிக்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. இழைகளுக்கு நடுவில் இருக்கும் சந்துகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்கிறது. பல் முளைக்கும் வயதில் எந்தக் குழந்தையின் துணி காய்ந்து கிடக்கும்? கசங்காமல், மடியாமல் ஒற்றையாக விரிந்தே கிடக்கும் துணியும் உலகத்தில் இல்லை. 'காற்றுப் புகும் துணி' என்ற சொல்லை அன்றோடு என் வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

மூச்சு முழுவதும் அடைபட வேண்டும் என்றுகூட இல்லை. மூக்குக்கு முன்னால் மெத்தென்ற ஏதோ ஒன்று குழிந்து நின்றாலே போதும். குழந்தை விட்ட மூச்சு அங்கேயே தேங்கும், அதையே திரும்ப இழுக்கும். ஒவ்வொரு முறையும் கரியமில வாயு கூடிக்கொண்டே போகும், ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். நமக்கு அப்படி நடந்தால் மூளை உலுக்கி எழுப்பிவிடும், தலையைத் திருப்பிக்கொள்வோம். சில குழந்தைகளின் மூளைத்தண்டில் அந்த எழுப்பும் ஏற்பாடு இன்னும் முதிர்ந்திருக்காது. யாருடைய குழந்தைக்கு அப்படி என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழியில்லை. 1994-ல் ஃபிலியானோ, கின்னி என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் இதை மூன்று வளையங்களாக விளக்கினார்கள். உள்ளுக்குள் ஏதோ ஒரு பலவீனம் உள்ள குழந்தை, வேகமாக மாறிக்கொண்டிருக்கும் முதல் சில மாதங்கள், வெளியிலிருந்து வரும் ஒரு நெருக்கடி. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தில்தான் உயிர் போகிறது. முதல் இரண்டும் பெரும்பாலும் பெற்றவர்கள் கையில் இல்லை. மூன்றாவது பெருமளவு நம் கையில் இருக்கிறது. குப்புறப் படுக்க வைப்பது, அதிகச் சூடு, புகையிலைப் புகை, மெத்தென்ற துணி எல்லாம் அந்த மூன்றாவது வளையத்துக்குள் வருபவை.

என்னை இன்னும் அதிகமாக உலுக்கியது கையைப் பற்றிய விஷயம். நான்கு ஐந்து மாதத்தில் குழந்தை எதையும் எட்டிப் பிடிக்கக் கற்றுவிடுகிறது. பிடித்ததை நேராக வாய்க்குக் கொண்டு போகிறது. பிடித்ததை வேண்டும்போது விடுவது வேறு வித்தை, அது கைவர ஒன்பது பத்து மாதம் ஆகிறது. இழுத்து முகத்தில் போட்டுக்கொள்ளத் தெரிந்த கைக்கு எடுத்து எறியத் தெரியாமல் இருக்கும் அந்த இடைவெளி மாதங்கள் மிக நீளமானவை. என் மகளின் பிடிக்குள் அந்த முனை இருந்ததன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. துணி தானாக வந்து விழவில்லை. அவளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் ஆயிற்றே, தலை நின்றுவிட்டதே, இனி வைக்கலாமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். தொட்டில் மரணங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு முன்னால் நடக்கின்றன என்பது உண்மை. அதனால் ஆறு மாதத்துக்குப் பிறகு துணி பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் 24 மாநிலங்களில் தூக்கத்தில் இறந்த எட்டாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் அதிகம் காணப்பட்டது பெரியவர்களோடு ஒரே படுக்கையில் தூங்கியது. நான்கு மாதம் தாண்டிய குழந்தைகளிடம் காணப்பட்டதோ குப்புறக் கிடந்ததும், படுக்கையில் போர்வை, பொம்மை போன்றவை இருந்ததும். புரளத் தெரிந்த குழந்தை, தானாகப் புரண்டு போய்ப் பொம்மைமேல் முகம் பதிக்கவும் தெரிந்த குழந்தை. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022 வழிகாட்டுதல் முதல் ஒரு வருடத்தைச் சொல்கிறது: மெத்தென்ற எதுவும் தூங்கும் இடத்தில் வேண்டாம், கனம் வைத்துத் தைத்த போர்வையும் உறைப்பையும் (போர்வைக்குப் பதிலாக உடுப்பு போல மாட்டிவிடும் பை) வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அபாயம் இன்னும் கூடுதல் என்பதால், ஒரு வயது ஆனாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டே வையுங்கள் என்று நான் சொல்லி அனுப்புகிறேன்.

என் தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய பொம்மைகளின் அட்டையில் 'பிறந்ததிலிருந்து' என்று போட்டிருக்கும், பக்கத்திலேயே தொட்டிலில் பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தையின் படம் இருக்கும். அந்த வயதுக் குறிப்பு விளையாட்டுச் சாமான் என்ற அளவில் போடப்படுவது. பித்தான் கழலுமா, சாயம் கெடுதல் செய்யுமா என்பது போன்ற கேள்விகளுக்கான பதில் அது. பொம்மையோடு தூங்கலாமா என்ற கேள்விக்கு அது பதிலே இல்லை. படமோ அந்தக் கேள்விக்குத் தவறான பதிலைச் சொல்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. இரவில் நான்கு முறை எழுந்து களைத்துப்போன ஒரு தாய் அந்தப் படத்தை நம்பித்தான் வாங்குவாள்.

சரி, முயலை எடுத்துவிட்டேன். தொட்டிலில் இறுக்கமாக மாட்டிய ஒரு விரிப்பும் குழந்தையும் மட்டும். அதைப் பார்த்ததும் அத்தைக்கு மனசு பொறுக்கவில்லை.

"என்னம்மா இது, ஒரு தலகாணி கிடையாது, போர்வ கிடையாது. புள்ளய வெறும் மெத்தையில போட்டிருக்க? பாக்கவே பாவமா இருக்கு."

அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்கும் என்று மருத்துவர்களே சொல்லியிருக்கிறார்கள். மல்லாத்திப் படுக்க வைக்கச் சொல்லும் இயக்கம் பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும்தான் தொடங்கியது. அதன்பின் அந்த நாடுகளில் தொட்டில் மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. இத்தனை புள்ளிவிவரத்தையும் நான் அவரிடம் சொல்லவில்லை. முதல் நாள் நான் செய்து பார்த்ததையே அவரிடம் கொடுத்தேன்.

"அத்தை, இந்தத் துணிய நாலா மடிச்சு நனைச்சிருக்கேன். மூக்குல வச்சு மூச்சு விட்டுப் பாருங்களேன்."

வைத்துப் பார்த்தார். சட்டென்று எடுத்தார். கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நமக்கு எடுக்கத் தெரியுது. அதுக்குத் தெரியாதே," என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த விதிக்குக் காவல் அவர்தான். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் ஆசையாகத் தொட்டிலுக்குள் வைக்கும் பொம்மையை, அவர்கள் படியிறங்கும் முன்பே எடுத்து அலமாரியில் வைத்துவிடுவார்.

குளிருக்கு என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. கை இல்லாத உறைப்பை தைத்தேன். கழுத்துப் பட்டை சரியான அளவில் இருக்க வேண்டும், தலை உள்ளே நழுவக் கூடாது. அக்குள் பக்கமும் அப்படித்தான். கால் உதைக்க இடம் வேண்டும். உள்பக்கம் ஒரு நூல்கூடத் தொங்கக் கூடாது, இதை எந்தத் தையல்காரரும் மறக்கக் கூடாது. தளர்ந்த ஒரு இழை பிஞ்சுக் கால்விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். நான் உறைப்பை, காலுறை எல்லாவற்றையும் உள்வெளியாகத் திருப்பி நூல் வெட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

தூக்கம் என்ன ஆயிற்று என்றால், முதல் மூன்று இரவு கஷ்டமாகத்தான் இருந்தது. முயல் இல்லாமல் கண்ணை மூடமாட்டேன் என்று அழுதாள். எடுத்தது தப்போ என்று அத்தைகூட ஒரு நடுராத்திரி கேட்டார். அப்போதுதான் யோசித்தேன், அவளுக்கு முயல் எதற்கு வேண்டியிருந்தது? மஸ்லினுக்காக இல்லை. பால் கொடுக்கும்போதெல்லாம் அந்தத் துணி என் தோளில் கிடக்கும். என் வாசனை அதில் ஏறியிருந்தது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தைகள் தங்கள் தாயின் மார்பில் வைத்த துணியின் பக்கம் தலையைத் திருப்புவதை மேக்ஃபார்லேன் என்ற ஆய்வாளர் 1975-ல் காட்டியிருக்கிறார். வாசனைதான் விஷயம் என்றால், அதைத் தொட்டிலுக்குள் கொண்டுபோக வேறு வழி இருக்கிறது. மெத்தையில் இழுத்து மாட்டும் விரிப்பை ஓர் இரவு என்னோடு வைத்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் அதையே சுருக்கமில்லாமல் மாட்டினேன். நான்காவது இரவு அவள் கன்னத்தை விரிப்பில் தேய்த்துக்கொண்டே தூங்கிவிட்டாள். விரிப்பு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன், பழகியும் இருக்கலாம். ஆனால் எங்களுக்கு உதவியது.

முயலை நான் தூக்கி எறியவில்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பயந்துபோய் ஒரேயடியாக எடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். குழந்தைக்கு ஒரு துணியோ பொம்மையோ உயிராகிப் போவது கெட்ட பழக்கம் இல்லை. டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1950-களிலேயே இதைப் பற்றி ஆழமாக எழுதியிருக்கிறார். தாயும் தானும் ஒன்று என்று இருந்த குழந்தை, தாய் வேறு தான் வேறு என்று உணரத் தொடங்கும் இடத்தில், நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு பொருளைத் தானே தேர்ந்தெடுக்கிறது என்பது அவர் பார்வை. எட்டு ஒன்பது மாதத்தில், அம்மா கண்ணுக்கு மறைந்தால் அழத் தொடங்கும் வயதில், அந்தத் துணி எவ்வளவு பெரிய துணை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் முயல் என் மடிக்கு வந்தது. பால் குடிக்கும்போது, கதை சொல்லும்போது, ஊசி போட்டுக்கொண்டு வந்து தேம்பும்போது, நான் விழித்துப் பக்கத்தில் இருக்கும் எல்லா நேரத்திலும் அவளிடம் முயல் இருந்தது. மடியில் கட்டிக்கொண்டே கண்ணயர்ந்தால் உடனே பிடுங்கமாட்டேன். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்தால் கை துவண்டுவிடும். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் திறந்தால் துணி தானே வெளியே வரும். அதற்குப் பிறகுதான் தொட்டிலில் மல்லாத்திப் படுக்க வைப்பேன். முயல் தொட்டிலுக்கு வெளியே, அவள் கைக்கு எட்டாத நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். கம்பியில் தொங்கவிடக் கூடாது, உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஒன்று கவனமாக இருங்கள்: குழந்தையைக் கட்டிக்கொண்டு சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ நீங்கள் தூங்கிவிடாதீர்கள். தொட்டிலில் கிடக்கும் துணியைவிட அது அபாயம். கண் சொருகுகிறது என்றால் உடனே குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிடுங்கள், அப்போது விரல் திறக்கும் பொறுமையெல்லாம் தேவையில்லை.

முதல் பிறந்தநாள் கழிந்து இரண்டு வாரம் ஆன பிறகு முயலைத் தொட்டிலுக்குள் வைத்தேன். அதற்கு முன் அதை மேஜைமேல் போட்டு, யாரோ தைத்ததைப் போல முழுதும் சோதித்தேன். பழைய முயலுக்குக் கழுத்தில் ஒரு சாட்டின் ரிப்பன் இருந்தது, வெட்டினேன். கண் இரண்டும் பித்தான். பித்தானைப் பிடித்து என் பலம் முழுவதும் கொடுத்து இழுத்தேன், இரண்டாவது கண் கையோடு வந்துவிட்டது. இரட்டை நூல் கொடுத்து நானே தைத்தது, ஒரு வருடம் எச்சிலில் ஊறி நூல் இற்றுப்போயிருந்தது. பொம்மைகளின் சிறு பாகங்களைச் சோதிக்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள், வாய் அகலம் 3.17 செ.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும் என்பது கணக்கு. என் பித்தான் அதில் பாதிகூட இல்லை. அன்றிலிருந்து கண், மூக்கு எல்லாம் எம்ப்ராய்டரிதான், முடிச்சு உள்பக்கம். பஞ்சு பிதுங்காத அளவுக்கு நெருக்கமான இரட்டைத் தையல். விரலோ கழுத்தோ மாட்டும் வளையம், லேஸ், நீண்ட நாடா எதுவும் கிடையாது. மின்கலம் வைத்துப் பாடும் பொம்மை தொட்டிலுக்கு ஒருக்காலும் வேண்டாம். துணி குழந்தையைச் சுற்றிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாக இருக்கக் கூடாது. என் அளவு இரண்டு உள்ளங்கை, அதற்குமேல் நான் தைப்பதில்லை.

வைப்பதும் ஒன்றே ஒன்றுதான். ஒரு வயதுக்குப் பிறகு இன்னொரு சிக்கல் தொடங்குகிறது, பெரிய பொம்மைகளை அடுக்கி அதன்மேல் ஏறித் தொட்டிலைத் தாண்டப் பார்ப்பார்கள்.

இரண்டாவது முயல் ஒன்று தைத்து வைக்காதது என் தவறு. பதினான்காவது மாதத்தில் பேருந்தில் முயலை விட்டுவிட்டு வந்தோம். அதே துணி, அதே அளவில் புதியதைத் தைத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள். ஒன்பது நாள் நான் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அலைந்த பிறகே ஏற்றுக்கொண்டாள். இப்போது தைத்துக் கொடுக்கும்போது ஜோடியாகத்தான் கொடுக்கிறேன். வாரம் மாற்றி வாரம் ஒன்றைத் துவைக்கப் போட்டு மற்றதைக் கொடுத்தால் இரண்டிலும் ஒரே வாசனை ஏறும், இரண்டும் ஒரே மாதிரி நையும். துவைத்து எடுக்கும்போதே தையலை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடலாம்.

மகன் பிறந்தபோது அவனுக்கும் ஒரு ஜோடி யானை தைத்து வைத்தேன். அவன் திரும்பியும் பார்க்கவில்லை. அவனுக்கு என் காதுமடல் போதும். எல்லாக் குழந்தைக்கும் துணி தேவைப்படுவதில்லை, தேடாத குழந்தைக்குப் பழக்கிவிட வேண்டிய அவசியமும் இல்லை. யானைகள் இரண்டும் அலமாரியில் புத்தம் புதிதாக இருக்கின்றன.

இந்த வாரம் தோழி ஒருத்தியின் குழந்தைக்காக ஒரு ஜோடி முயல் தைத்துக்கொண்டிருக்கிறேன், காது மட்டும் பாக்கி. பொட்டலத்துக்குள் வைக்கும் அட்டையை ஏற்கெனவே எழுதிவிட்டேன். 'மடிக்கு: இன்றிலிருந்து. தொட்டிலுக்கு:' என்று எழுதி, அதன் எதிரே தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன். குழந்தை பிறந்ததும் அடுத்த வருடத்துத் தேதியை அவளே நிரப்பிக்கொள்ளட்டும்.